சாம்பிராணி போட்ட கொட்டிலும் சாணி கிடந்த கொட்டிலும்

அன்று விடிய, நெடுந்தீவில் அந்தக் கொட்டிலடியில் நின்றவர்கள் ஆறு பேர். கொசுக் கணக்கெடுப்பு நடத்துகிற மிருக வைத்திய டொக்டர், அவவுக்கு மேலதிகாரியான பெரிய சேர், கொட்டிலின் சொந்தக்காரர், அவருடைய மனைவி, இறங்குதுறையிலிருந்து உழவு மெசின் பெட்டியில் ஆட்களை ஏற்றி வந்த லான்ட்மாஸ்டர் அண்ணை, ஆறாவதாக நான். ஆடு மாடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இப்போது குறிகட்டுவானில் நெடுந்தீவுக்கு லோஞ்சுப் படகு ஏறினால், தாங்களும் அன்றைக்கு அங்கே நின்றதாகச் சொல்கிற ஆட்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஒருவர் போத்தலைத் தானே தூக்கிப் பிடித்ததாக எனக்கே சொன்னார். போத்தலைப் பிடித்தது பெரிய சேர். அதைக் கண்டவள் நான்.

எனக்கு ஊர் வேறொரு தீவிலுள்ள சரவணை. ஆடு வளர்க்கிறேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய்க் குந்த வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். படிப்பு நின்றதே தவிர யோசனை நிற்கவில்லை. படலையைப் பூட்டிவிட்டுப் பாதித் தூரம் போய், பூட்டினேனா என்று திரும்பி வருகிற ஆள் நான். என் வீட்டுக்காரர் ஆட்கள் வந்தால் சொல்லுவார்: "இவள் சுவாமிக்கு விளக்கு வைச்சிட்டு, எரியுதோ எண்டு மூண்டு தரம் போய்ப் பாப்பாள். இவளாலை சுவாமிக்கே நித்திரை இல்லை."

அந்தக் குணத்தால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

டொக்டர் முதன்முதல் எங்கள் வீட்டு ஆட்டுக் கொட்டிலில் கொசுப் பொறியை, நாங்கள் சொல்லுகிற 'பெட்டி'யை, தொங்கவிட வந்தா. விடிய வந்து போத்தலைக் கழற்றும்போது, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்ததைக் கண்டா. எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தேன், லைட் எரிந்ததா, காற்றாடி சுற்றியதா, மழை தூறியதா என்று ஏழு தரம் எழுதியிருந்தேன். வாசித்துப்போட்டுச் சிரிப்பா என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அக்கா, எனக்குப் படிச்ச ஆக்கள் நிறையக் கிடைக்கினம். பயப்பிடுற ஆள்தான் கிடைக்கேல்லை. மற்றத் தீவுகளுக்கும் பெட்டியைக் கொண்டு போறீங்களே?"

ஓம் என்று சொல்லிவிட்டு, அவ போனபிறகு இரண்டு நாள் ஏன் சொன்னேன் என்று யோசித்தேன்.

கொசு என்றால் இரவில் காதுக்குள் பாடுகிற நுளம்பு இல்லை. நுளம்பைக் கண்டு அடிக்கலாம். இது கடுகில் பாதிகூட இல்லை. செட்டையில் சின்னச் சின்னப் புள்ளி இருக்கும், அதுவும் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சேற்றிலும் ஊறின சாணியிலும் பெருகி, பொழுதுபடுகிற நேரம் ஆட்டின் காதிலும் வயிற்றிலும் மொய்க்கும். ஒரு ஆட்டைக் கடித்துவிட்டு மற்ற ஆட்டைக் கடிக்கும்போது நோயையும் காவிக்கொண்டு போகும். நீலநாக்கு என்கிறார்கள். காய்ச்சல் வந்து, முகம் வீங்கி, நாக்குத் தடித்து, தீன் எடுக்க ஏலாமல் நின்று சாகும். எந்தத் தீவில் எந்தக் கொசு எவ்வளவு என்று தெரிந்தால்தான் மாரிக்கு முந்தி மருந்தை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கணக்கெடுப்பு.

பொறி பெரிய சாமான் இல்லை. மேலே ஒரு ஊதா லைட், அதன் கீழே கையகலக் காற்றாடி, அதன் கீழே வலைத்துணி, அடியில் ஸ்பிரிட் ஊற்றின போத்தல். மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும். பொழுதுபட முந்திக் கொட்டிலின் கூரை வளையில் கட்டிவிட வேண்டும். வெளிச்சத்துக்கு வருகிற கொசுவைக் காற்றாடி இழுத்துப் போத்தலுக்குள் தள்ளும். விடியக் கழற்றி மூடி, இடத்தையும் திகதியையும் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு இரவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.

எங்கள் கொட்டிலில் கொசு விழுந்தது. புங்குடுதீவில் இறுப்பிட்டியில் விழுந்தது. நயினாதீவில் ஐயர் வீட்டு மாட்டுக் கொட்டிலில் எல்லாவற்றையும் விட அதிகம் விழுந்தது. அங்கே ஐயரம்மா போத்தலைப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"உந்தக் கொசுவைப் பிடிச்சு என்ன செய்யிறனீங்கள்?"

"எண்ணுறது, அம்மா."

"எண்ணிப்போட்டு?"

"எழுதுறது."

"எழுதிப்போட்டு?"

"பேந்து வேறை இடத்திலை பிடிக்கிறது."

"நல்லாயிருக்கு," என்றுவிட்டு எனக்குப் பால்கோப்பி ஊற்றித் தந்தா.

டொக்டருடைய அறையில் தீவுகளின் படம் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. கொசு கிடைத்த இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவா. சரவணைக்குப் பொட்டு, இறுப்பிட்டிக்குப் பொட்டு, நயினாதீவுக்குப் பொட்டு. நெடுந்தீவு மட்டும் வெறும் நெற்றியோடு கடலுக்குள் கிடந்தது.

நெடுந்தீவுக்கு முதல்தரம் போய் வந்த போத்தலில் இரண்டு அந்துப்பூச்சியும் ஒரு வண்டும் இருந்தன. கொசு ஒன்றுகூட இல்லை. "பரவாயில்லை, காத்தாயிருக்கும்," என்றா டொக்டர். அடுத்த மாதம் இரண்டாம்தரம் போனேன். பற்றரியைப் புதிதாக நிரப்பி, லைட்டை வீட்டில் நாலு தரம் போட்டுப் பார்த்து, மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அந்தப் போத்தலில் வண்டுகூட இல்லை.

பெரிய சேர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு போத்தலும் என்னுடைய சம்பளத் தாளும் இருந்தன. கதிரையைக் காட்டினார், நான் குந்தவில்லை.

"நெடுந்தீவிலை ஆடு மாடு கிடக்கிற கிடைக்குக் கொசு இல்லை எண்டால் நான் நம்பமாட்டன். ஒண்டில் கொசு இல்லை, ஒண்டில் பெட்டி எரியேல்லை. நீர் பெட்டியைப் போட்டனீரோ?"

"போட்டனான், சேர்."

"விடிய மட்டும் எரிஞ்சதோ?"

"எரிஞ்சது, சேர். அஞ்சு தரம் எழும்பிப் பாத்தனான். தாளிலை எழுதியிருக்கிறன்."

தாளை அவர் பார்க்கவில்லை. "நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"எட்டு."

சம்பளத் தாளில் நெடுந்தீவு இரண்டு இரவுக்கும் நேரே நீலப் பேனையால் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். காசு போனது எனக்கு நோகவில்லை என்றால் பொய். ஆனால் அதைவிட நொந்தது, எரிந்த லைட்டை எரியவில்லை என்று ஒரு தாள் சொல்லிக்கொண்டு நின்றதுதான்.

வெளியே வந்து டொக்டர் என் கையைப் பிடித்தா. "மூண்டாம்தரம் நாங்களும் வாறம், அக்கா. நானும் சேரும். அதுவும் வெறுமை எண்டால் நெடுந்தீவை வெள்ளையா விட்டிட்டு, பெட்டிகளை வேறை ஆளிட்டைக் குடுக்கச் சொல்லுறார். அதுக்கு மேலை என்னாலை தடுக்க ஏலாது."

நாள் குறித்தார்கள். கொட்டில்காரருக்குத் தொலைபேசியில் சொன்னதும் சேர்தான். முன்னைய இரண்டு தரமும் நான் தான் எடுத்துச் சொல்வது: முதல் நாள் ஒருதரம், புறப்படும்போது ஒருதரம், லோஞ்சு ஏறிவிட்டு ஒருதரம், வீட்டில் நிற்கிறார்களோ இல்லையோ என்ற பயத்தில். இந்தமுறை நான் எடுக்கவில்லை. எடுத்தால் காசு கிடைக்காத கதையையும் சொல்ல வேண்டி வரும்.

தை மாதம். வாடைக்காற்று ஓயாத நேரம். நாளைக்குக் கடல் கொந்தளித்து லோஞ்சு ஓடாவிட்டால் என்ன செய்வது, நான் வராமல் ஒளித்ததாகத்தானே எழுதுவார்கள் என்று யோசித்து யோசித்து, குறித்த நாளுக்கு முதல் நாளே புறப்பட்டுவிட்டேன். ஒரு பெட்டி பழுதானால் என்று இரண்டாவது பெட்டியையும், அதற்கு இன்னொரு பற்றரியையும் டொக்டரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். "குடியெழும்பிப் போறியோ?" என்று கேட்டார் வீட்டுக்காரர். லோஞ்சில் அலை வந்து முகத்தில் அடிக்க அடிக்க இரண்டு பெட்டியையும் சீலையால் போர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். பக்கத்திலிருந்த மனிசி எனக்கு இரட்டைப் பிள்ளை என்று நினைத்திருப்பா.

படலையைத் திறந்து உள்ளே போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டில்காரரின் மனைவி தண்ணீர்த் தொட்டியடியில் நின்றா. என்னைக் கண்டதும் கையிலிருந்த வாளியை அப்படியே விட்டுவிட்டா.

"ஐயோ கடவுளே! நாளைக்கெல்லோ!"

"ஓம் அக்கா. லோஞ்சு ஓடாமல் விட்டிடுமோ எண்டு இண்டைக்கே வந்திட்டன்."

"ஒண்டும் செய்யேல்லையே! கூட்டேல்லை, அள்ளேல்லை, ஒண்டும் இல்லை. நீங்கள் வீட்டுக்குள்ளை வாங்கோ. அங்காலை பாக்காதேங்கோ!"

பார்க்காதே என்றால் நான் பார்க்காமல் விடுவேனா? கல்வேலி ஓரமாக இருந்த கொட்டில் நான் முந்தி இரண்டு தரம் கண்டது போலவே இல்லை. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சேறாகிக் கிடந்தது. சேற்றில் சாணி, சாணியில் மாட்டுக் குளம்பு. மாடுகள் வாலால் அடித்து அடித்துக் களைத்துப்போய் நின்றன. அங்கே நின்ற கொஞ்ச நேரத்துக்குள் என் முழங்கையில் நெருப்புத் தெறித்தது போலச் சுரீர் என்றது. குனிந்து பார்த்தேன். மிளகுத்தூள் போல ஒரு பொடி. பெட்டியோடு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அதன்மேல் பிடித்தேன். செட்டையில் புள்ளி.

நான் அதை அடிக்கவில்லை. கடிக்க விட்டேன். என் வாழ்க்கையில் ஒரு பூச்சி கடித்து நான் அவ்வளவு சந்தோசப்பட்டது கிடையாது.

"அக்கா," என்று கூப்பிட்டேன். "நான் போனமுறை வரேக்கை இந்தக் கொட்டில் இப்பிடி இருக்கேல்லையே?"

"எப்பிடி இருக்கும்? நீங்கள் ஃபோன் எடுத்தவுடனை இவர் சாணி முழுக்க அள்ளி, காய்ஞ்ச மணல் போட்டு, மாட்டையெல்லாம் கொண்டுபோய்ப் புல்வெளியிலை கட்டிப்போட்டார். நான் தேங்காய்ப் பொச்சுமட்டையும் வேப்பங்குழையும் போட்டுப் புகைச்சனான். கடைசியிலை வீட்டிலை கிடந்த சாம்பிராணியையும் போட்டன். நீங்கள் சாப்பிடப் போனாப்போலை திரும்பவும் ஒருக்காப் புகைச்சனான்."

"திரும்பவும் ஏனக்கா?"

"பரிசோதனை எண்டெல்லோ அரசாங்கம் அனுப்பின கடிதத்திலை கிடந்தது? பூச்சி குறைஞ்சால் பாஸ், கூடினால் பெயில் எண்டு நினைச்சம்."

நான் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் குந்தினேன். இரண்டு தரமும் அந்த மணமும் அந்தத் துப்புரவும் என் கண்ணிலும் மூக்கிலும் பட்டதுதான். நெடுந்தீவு ஆட்கள் என்ன மாதிரிக் கொட்டில் வைத்திருக்கிறார்கள் என்று வியந்து, வீட்டுக்குப் போய் வெட்கத்தில் என் கொட்டிலைக் கூட்டினேனே தவிர, வேறு ஒன்றும் ஓடவில்லை. நயினாதீவிலும் இறுப்பிட்டியிலும் என்னை ஆடு வளர்க்கிற பெண் என்று தெரியும். எனக்காக ஒருவரும் விளக்குமாறு தூக்கவில்லை. இங்கே நான் கடல் தாண்டி வருகிற அரசாங்க ஆள். ஒருதரமும் இல்லை, மூன்றுதரம் ஃபோன் எடுத்து அறிவித்துவிட்டு வருகிற ஆள். என் இரண்டு வெறும் போத்தலையும் வெறுமையாக்கியது என்னுடைய ஃபோன்தான்.

கொட்டில்காரர் மாட்டுக்குப் புல்லோடு வந்தார். விசயத்தைச் சொன்னேன். நாளைக்குக் கூட்ட வேண்டாம், அள்ள வேண்டாம், புகைக்க வேண்டாம், இப்படியே விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"பிள்ளை, நீர் நல்ல மனிசி. ஆனால் பெரிய சேர் வரேக்கை சாணியைக் காட்ட என்னாலை ஏலாது. இந்த ஊரிலை எனக்கு ஒரு மரியாதை இருக்கு."

"அண்ணை, மரியாதை எனக்கும் இருந்தது. போன மாதம் போயிட்டுது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

அவருடைய மனைவி முதல்தரம் நான் வந்தபோது சொன்னது எனக்கு நினைவு வந்தது. "போன மாரியிலை மூண்டு மறி ஆடு செத்தது எண்டெல்லோ அக்கா சொன்னனீங்கள்? முகம் வீங்கி?"

"ஓம்," என்றா அவ. குரல் இறங்கிவிட்டது. "நாக்கு வெளியிலை தள்ளி. தண்ணிகூடக் குடிக்கேல்லை. ஒண்டு குட்டித்தாச்சி."

"அதைச் சாகடிச்சது இதுதான்," என்று என் முழங்கையைக் காட்டினேன். அதற்குள் நாலைந்து இடம் தடித்திருந்தது. "ஆட்டைச் சாகடிச்சவனைக் கூட்டித்தள்ளி ஒளிச்சுப்போட்டு, பிடிக்க வாற எங்களுக்குச் சாம்பிராணி காட்டுறியள். படத்திலை நெடுந்தீவு வெள்ளை எண்டால் மருந்து எல்லாத் தீவுக்கும் போகும், இஞ்சை வராது."

நான் அப்படிக் கதைக்கிற ஆள் இல்லை. கொட்டில்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சேற்றைப் பார்த்தா.

கடைசியில் அவவே ஒரு வழி சொன்னா. பாதையோரம் இருக்கிற முன் கொட்டில் வருகிற ஆட்களின் கண்ணில் படுகிற கொட்டில். அதில்தான் இரவில் ஆடுகள் நிற்பது. அதைக் கூட்டிப் புகைக்காமல் விட அவவால் ஏலவே ஏலாது. ஆடுகளையும் பின்னுக்கு மாட்டோடு கொண்டுபோய்க் கட்டலாம். நாங்கள் நிற்கிற இந்தப் பின் கொட்டிலில் விளக்குமாறு படாது. "முன் கொட்டில் எங்கடை மரியாதைக்கு, பின் கொட்டில் உங்கடை கொசுவுக்கு," என்றா.

வேறு வழியில்லாமல் சரி என்றேன். அடுத்த நாள் காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான், அவ முன் கொட்டிலைக் கூட்டுகிற சத்தம் கேட்டது. சர்க், சர்க் என்று. வாயில் தண்ணீரோடு அப்படியே நின்றேன். என்னிடம் இரண்டு பெட்டி. அவவிடம் இரண்டு கொட்டில். ஓடிப்போய், "அக்கா, நல்லாக் கூட்டுங்கோ! ஒரு பொட்டு விடாதேங்கோ! சாம்பிராணியும் போடுங்கோ!" என்றேன். நேற்றுக் கூட்டாதே என்று கெஞ்சினவளுக்கு இன்றைக்கு என்ன பிடித்தது என்று அவ பார்த்தா.

பின்னேரம் டொக்டரும் சேரும் லான்ட்மாஸ்டர் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்த அண்ணை முதல் இரண்டு தரமும் என்னை ஏற்றி வந்தவர், கதை எல்லாம் தெரிந்தவர்.

"என்ன அக்கா, இந்தமுறை வீட்டிலையிருந்தே கொஞ்சக் கொசு கட்டிக்கொண்டு வந்தனீங்களே?"

"உங்கடை மெசினிலை வந்தால் கொசுவுக்கும் இடுப்பு முறிஞ்சிடும், அண்ணை," என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

சேரிடம் போனேன்.

"சேர், ரெண்டு பெட்டி இருக்கு. ரெண்டையும் உங்கடை கையாலை கட்டுங்கோ. நான் தொடமாட்டன். ஒண்டு முன் கொட்டில்லை, ஒண்டு பின் கொட்டில்லை."

"ஏன் ரெண்டு?"

"போன ரெண்டு முறையும் நான் கட்டேக்கை பின் கொட்டிலும் இந்த முன் கொட்டில் மாதிரித்தான் இருந்தது. கூட்டி, மணல் போட்டு, புகைச்சு, மிருகம் ஒண்டும் இல்லாமல். எனக்கு அது தெரியாது. நேற்றுத்தான் தெரியும். லைட் எரிஞ்சது, சேர். கொசு தான் வரேல்லை. அதை நான் சொல்ல வேண்டாம், பெட்டி சொல்லட்டும்."

டொக்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். சேர் முன் கொட்டிலை மோந்து பார்த்தார், பின் கொட்டிலுக்குப் போய் மூக்கைப் பொத்தினார், திரும்பி வந்தார்.

"இப்பிடி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்க வேணும் எண்டு ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை, சேர். முன் கொட்டிலைக் கூட்டாமல் விட அக்கா சம்மதிக்கேல்லை."

அவரே கட்டினார். அவரே பற்றரியைக் கொழுவினார். போத்தல் கழுத்து இரண்டிலும் கடதாசி சுற்றி, குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டார். நான் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றிரவு நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. படுத்த பாயிலிருந்து இரண்டு ஊதா வெளிச்சமும் தெரிந்தன. எண்ணிக்கொண்டே இருந்தேன்: ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

விடிந்தது. லான்ட்மாஸ்டர் அண்ணையும் வந்து சேர, ஆறு பேரும் போனோம்.

முன் கொட்டில் போத்தலைச் சேர் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஒரு அந்துப்பூச்சி. பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "கொசு ஒண்டு," என்றார்.

"ஒண்டெண்டால்?" என்று கேட்டார் லான்ட்மாஸ்டர் அண்ணை.

"ஒண்டெண்டால் ஒண்டுதான்," என்றா டொக்டர். "பாதை தெரியாமல் வந்திருக்கும்."

பின் கொட்டிலுக்கு நடந்தோம். இருபது அடி இருக்காது. எனக்கு அது சரவணைக்கு நடப்பது போல இருந்தது. சேர் கையெழுத்துக் கடதாசி கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். கழற்றினார். தூக்கிப் பிடித்தார்.

போத்தலின் அடி தெரியவில்லை. கோப்பி மண்டி போல ஒரு விரற்கடை கறுப்பாகப் படிந்திருந்தது. சேர் மெல்ல ஆட்டினார். அவ்வளவும் எழும்பிச் சுழன்று திரும்ப இறங்கியது. இன்னொருதரம் ஆட்டிப் பார்த்தார்.

டொக்டர் பிறகு அதை நுணுக்குக்காட்டியில் எண்ணி முடிக்க மூன்று நாள் எடுத்தது. அந்த நேரம் ஒருவரும் எண்ணவில்லை. கொட்டில்காரரின் மனைவிதான் முதலில் வாய் திறந்தா.

"ஐயோ, இவ்வளவும் எங்கடையோ?" என்றா. வெட்கம் பாதி. மற்றப் பாதி, சத்தியமாக, பெருமை.

சேர் இரண்டு போத்தலையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எட்டாம் வகுப்பு எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம், சேர்."

"அந்த ரெண்டு வெறும் போத்தலும் உண்மை. நான் தான் பிழை விட்டனான்."

எல்லாருக்கும் முன்னால் சொன்னார். இதனால்தான் யார் யார் நின்றது என்று முதலில் எழுதினேன்.

"அப்ப அக்கா பாஸ்!" என்று கத்தினார் லான்ட்மாஸ்டர் அண்ணை.

"அப்ப நாங்கள்?" என்று கேட்டார் கொட்டில்காரர், இன்னும் பயம் தெளியாமல்.

சேர் யோசித்தார். "பின் கொட்டில் பாஸ். முன் கொட்டில் பெயில்," என்றார். பிறகு தானே, "இல்லை, முன் கொட்டிலும் பாஸ். பொழுதுபடேக்கை இப்பிடித்தான் கூட்டிப் புகைக்க வேணும். ஆனால் எங்களுக்காக இல்லை, ஆட்டுக்காக," என்றார். கொட்டில்கார அக்கா என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு சட்டி தயிரை அப்படியே கையில் தந்தா. "கொசு பிடிச்சதுக்கு," என்றா.

லோஞ்சில் திரும்பி வரும்போது கடல் நான் போன நாளைவிட மோசம். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எழும்பி நின்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

நெடுந்தீவுக்குச் சிவப்புப் பொட்டை டொக்டர் என்னைத்தான் ஒட்டச் சொன்னா. கொஞ்சம் சரிந்துவிட்டது. உரித்துத் திரும்ப ஒட்டவா என்று இரண்டு தரம் கேட்டேன். இருக்கட்டும் என்றா, இன்னும் சரிந்தபடிதான் இருக்கிறது. மாரிக்கு முந்தி மருந்து போகிற தீவுகளின் பட்டியலில் நெடுந்தீவும் ஏறிவிட்டது. பொறி கட்டுகிற ஆட்கள் நிரப்புகிற தாளில் இப்போது புதிதாக இரண்டு கேள்வி இருக்கிறது: கொட்டில் கூட்டப்பட்டதா, புகை போடப்பட்டதா. அந்த இரண்டும் என்னால் வந்தவை. போவதை முன்கூட்டி அறிவிக்க வேண்டாம் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதுவும் என்னால்தான், அதை வாசிக்கும்போது மட்டும் கொஞ்சம் கூசும். இப்போது ஐந்து பெட்டி என் பொறுப்பில் இருக்கின்றன.

மூன்றாம்தரம் போன காசு அடுத்த மாதமே வந்துவிட்டது. முதல் இரண்டு இரவின் காசு வரவில்லை. சேர் அந்தப் பழைய தாளை எடுப்பித்து, 'நிராகரிக்கப்பட்டது' என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'கொடுக்கப்பட வேண்டியது' என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். அதன் பிரதியை அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். பழைய மாதத்துக் கணக்கு, மேலே போய்த்தான் திரும்பி வரவேணும் என்கிறார்கள். "கேளன், கேளன்," என்று வீட்டுக்காரர் அரிக்கிறார். எதற்கெடுத்தாலும் யோசிக்கிற எனக்கு இதில் மட்டும் ஒரு யோசனையும் இல்லை. நிராகரித்திருந்த நாளில் அவர்கள் எனக்கு ஒரு சதமும் தர வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குத் தர வேண்டியிருக்கிறது, கையெழுத்தோடு: ஐயாயிரம் ரூபா.